படியின் படி

உதகைக்காரிக்குத் தரை இவ்வளவு சமமாக இருப்பதே முதல் அதிசயம். கும்பகோணத்தில் மயிலாடுதுறைப் பேருந்து ஏறி, பட்டுத் தறி நெய்யும் திருபுவனத்தைத் தாண்டினால் கண்ணை மறிக்க எதுவுமில்லை. மார்கழிக் கடைசி, சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. தூரத்தில் எழும்பி நிற்பவை தென்னை, இல்லாவிட்டால் கோபுரம். எங்கள் பக்கம் மலையைப் பார்த்துத் திசை சொல்வோம். இங்கே கோபுரத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் படிக்க வந்தவள் நான். தொல்லியல் என்றால் குழி தோண்டுவது என்றுதான் வீட்டில் இன்னமும் நினைக்கிறார்கள். நாங்களோ திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தோம். அறநிலையத் துறையின் அனுமதிக் கடிதம் ஒருத்தி பையில். வாளி, நார் பிரஷ், காகிதச் சுருள் மற்றவர்கள் கையில். எழுத்துக்குள் அடைந்த அழுக்கையும் எண்ணெயையும் தேய்த்தெடுத்து, நனைத்த காகிதத்தைச் சுவரில் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்வரை பிரஷால் அடிக்க வேண்டும். சற்றே காய்ந்ததும் மை ஒற்றினால், காகிதம் கறுக்கும், எழுத்து வெள்ளையாக மேலே வரும். ஆயிரம் தடவை படத்தில் பார்த்திருந்தாலும் கல்வெட்டைத் தொடங்கும் அந்த 'ஸ்வஸ்திஸ்ரீ' நம் கையடியில் பூக்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

பூக்கட்டும் அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, சாமியத்தான் குளிப்பாட்டுவாங்க. நீங்க செவுத்தப் போயிக் குளிப்பாட்டுறீங்களே?"

"எழுத்தப் படியெடுக்கிறோம்மா."

"எடுத்து?"

நல்ல கேள்வி. அதற்கு இந்தக் கோயிலே பதில் வைத்திருக்கிறது. இங்கே ஒரு சோழர் கல்வெட்டு, 'பாண்டியன் தலைகொண்ட' பரகேசரியின் ஆண்டில் வெட்டியது. அவனை ஆதித்த கரிகாலன் என்று அறிஞர்கள் கொள்வார்கள். காடுபட்டிகள் நந்திப்போத்தரையர், அதாவது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய பல்லவ அரசர், குமரமார்த்தாண்டன் என்ற பெயரில் ஒரு விளக்கு வைத்திருந்தார். கோயிலைக் கற்றளியாக எடுத்தபோது பழைய கல்லிலிருந்த அந்தத் தருமத்தைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். திரைமூர் சபையாரும் திருவிடைமருதில் நகரத்தாரும் கோயில் அலுவலரான தேவகன்மிகளும் கோயில் நாடகசாலையில் கூடிக் கோயில் காரியம் பேசியிருக்கிறார்கள். அரசன் மாறலாம், வம்சமே மாறலாம், விளக்குக்கு விட்ட முதல் மட்டும் தொலையக் கூடாது. அவர்களுக்கு அதுதான் கவலை. எனக்கு இது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிடப் பெரிய சாதனையாகப் படுகிறது. (சாரிடம் சொன்னேன். "தேர்வுல அப்படி எழுதிடாதம்மா" என்றார்.)

அந்தச் சோழச் சுவரும் நிற்கவில்லை. 1895இலும் 1907இலும் கல்வெட்டுத் துறையினர் வந்து படியெடுத்துப் போனார்கள். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் திருப்பணியில் பழைய கருவறைச் சுவர் பிரிக்கப்பட்டது. பல்லவன் விளக்கைப் பற்றி இன்று நாம் வாசிப்பது படியின் படி. அந்தத் துறையின் அலுவலகம் பல பத்தாண்டுகள் எங்கள் உதகையில்தான் இருந்தது; 1966இல்தான் மைசூருக்குப் போனது. நான் பள்ளிக்குப் போய்வந்த ஊரின் குளிரில் இந்த ஊர்ச் சுவர்களின் காகிதங்கள் சுருண்டு கிடந்திருக்கின்றன. எங்கள் ஊரில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

நாடகசாலை சும்மா கூட்டம் போட மட்டும் இருந்ததல்ல. ஆரியக்கூத்து ஆடும் சாக்கை என்னும் கூத்தருக்கு நிலம் விட்ட செய்தியும் இங்கே உண்டு. தைப்பூசம் அந்தக் காலத்திலேயே பெரிய விழா. இன்றும் அப்படித்தான், காவிரியில் தீர்த்தவாரி.

உள்ளே இன்னொரு விளக்கு. பித்தளைப் பெண், கையில் அகல். தஞ்சை மராட்டிய அரசர் அமரசிங்கர் பட்டம் இழந்து 1798க்குப் பின் இந்த ஊரில்தான் வாழ்ந்தார். அவர் வழிவந்த பிரதாபசிங்கரை மணக்க வேண்டி அம்முனு அம்மணி என்ற பெண் இலட்ச தீபம் நேர்ந்துகொண்டு, நேர்த்தியின் முடிவில் 1853இல் தன் உருவத்தையே ஒரு விளக்காக நிறுத்தினாள். பீடத்தில் தமிழில் எழுத்து. அவள் ஆசையை மறைக்கவே இல்லை. பெயரோடு, மணமகன் பெயரோடு எழுதி வைத்துவிட்டாள். அரசர்களின் மெய்க்கீர்த்தியைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த எங்களுக்கு அந்த நேர்மை கூச்சமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

வேலை முடிந்து கிழக்குக் கோபுரத்துக்கு நடந்தோம். காவலாளி மறித்தார். பிராமணனைக் கொன்ற பாவமான பிரம்மஹத்தியோடு கிழக்கு வாசலில் நுழைந்த வரகுண பாண்டியன் அதை அங்கேயே விட்டுவிட்டு மேற்கே போனானாம். அது இன்னும் கிழக்கே காத்திருக்கிறது. வந்த வழி திரும்பக் கூடாது. "சரிங்கய்யா, செருப்பு அங்கதான கிடக்கு" என்றாள் பையில் கடிதம் வைத்திருந்தவள். சுற்றிக்கொண்டு போய் எடுக்கச் சொன்னார். வாளியும் மைக் கையுமாக வேறு வாசலில் இறங்கி, வெறுங்காலோடு தேரோடும் வீதியில் நடந்தோம். வெயில் இறங்கியிருந்ததால் பிழைத்தோம்.