அரப்பொடியும் அண்டவெளியும்

விண்மீன்களுக்கு இடையே இருப்பது வெறும் வெளி என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அங்கே வாயு மேகங்கள் கொந்தளித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றினூடே காந்தப் புலமும் பரவியிருக்கிறது. எட்டாத தொலைவிலுள்ள அப்புலத்தை எவ்வாறு அளப்பது?

நம் திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் சாவி ராவும்போது அரப்பொடி உதிரும். அதைத் தாளில் தூவி, அடியில் காந்தம் வைத்தால் பொடி வரிவரியாய் அணிவகுக்கும். வாயு மேகத்திலுள்ள நுண்தூசிகளும் காந்தப் புலத்துக்கேற்ப ஒழுங்காகத் திரும்பி நிற்கின்றன. ஆதலால் அவற்றைக் கடந்து வரும் விண்மீன் ஒளி தளவிளைவு அடைகிறது. இது 1949-இல் கண்டறியப்பட்டது.

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரும் பெர்மியும் இதிலிருந்து ஓர் அளவுகோலையே உருவாக்கினர். இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு காற்றில் சற்றே அசையும். தொய்ந்த கயிறோ தாறுமாறாக ஆடும். அதுபோல, கொந்தளிப்பில் காந்தக் கோடுகள் குறைவாக வளைந்தால் புலம் வலிது; மிகுதியாக வளைந்தால் மெலிது. வாயுவின் அடர்த்தி, வேகம், திசைச் சிதறல் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். அவர்கள் கண்ட விடை, ஒரு காஸின் பத்து இலட்சத்தில் சுமார் 7 பங்கு! நம் காலடியில் உள்ள புவிக்காந்தம் இதைப்போல் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மடங்கு.

இத்துணை மெலிந்த புலத்தால் என்ன பயன்? ஈர்ப்பு விசை மேகத்தைச் சுருக்கி விண்மீனாக்க முயல்கிறது. கொந்தளிப்பும் காந்தமும் தடுக்கின்றன. அத்தடை இல்லையேல் வாயு இன்னும் விரைவாக விண்மீன்களாகித் தீர்ந்துவிடும். இரண்டில் எதன் பங்கு பெரிது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம் தந்த தூசி வரைபடங்களிலும் அதே சந்திரசேகர் – பெர்மி முறை கையாளப்பட்டது.

சந்திரசேகர் 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அதுவும் நம்முடையதைப் போன்ற அரசுக் கல்லூரியே. ஆனால் அவர் சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். எங்கள் குடும்பத்திலோ கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “இதப் படிச்சா என்ன வேலைப்பா கிடைக்கும்?” என்று பட்டறையில் உழைக்கும் என் தந்தை கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு.

எனினும், சமன்பாடு எவர் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. மேகம் எப்போது விண்மீனாகும் என்று கேட்கும் உரிமை கற்றோர் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. முதுகலை இயற்பியலுக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இம்மலர் அச்சாகி வந்ததும், இக்கட்டுரையைப் படித்துக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.