லைப்ரரியில் புத்தகம் இருக்கிறது, பிள்ளைக்கு வழிதான் தெரிய வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் பிள்ளை இருக்கும் பெற்றோர் நேரமெடுத்து வாசியுங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், மெத்ஸ் செய்ய விட்டால் கண்டிக்கு டியூஷன் அனுப்பத்தான் வேணுமா?" வசதி இருந்தால் அனுப்புங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வசதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கெட்டிக்காரப் பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றி விடாதீர்கள். மாற்றுவதற்கு முன், கல்லூரி லைப்ரரியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அரசாங்கம் 1980இலிருந்து பாடப்புத்தகங்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் அது 11ஆம் தரத்தோடு முடிந்துவிடும். 12ஆம் தரத்துக்கு வரும் பிள்ளையின் கையில் இணைந்த கணிதத்துக்கோ பௌதீகவியலுக்கோ அப்படி ஒரு புத்தகம் இல்லை. பாடம் மிகக் கடினமாகும் இடத்தில்தான் புத்தகமும் நின்றுபோகிறது. பிறகு டியூஷன் நோட்டுத்தான் புத்தகம். அது இல்லாத பிள்ளைக்கு லைப்ரரிதான் மிச்சம்.

ஆனால் லைப்ரரிக்குள் போன பிள்ளை பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறது. ஏன் என்பதை எனக்குப் புரியவைத்தது தூரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி. தமிழ்நாட்டில் அச்சான பௌதீகவியல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, "சேர், வேகத்துக்குத் திசை இருக்கு என்று நீங்கள் சொன்னீங்க. இதில வேகத்துக்குத் திசை இல்லை என்று இருக்கு. எது சரி?" என்று கேட்டார்.

இரண்டும் சரி. நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள். நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்கிறார்கள். நமது ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். நமது சக்தி அவர்களுக்கு ஆற்றல், நமது வலு அவர்களுக்குத் திறன். இரசாயனவியலில் நமது மூலகம் அங்கே தனிமம், சேர்வை சேர்மம், மூலம் காரம். கணிதத்தில் நமது தாயம் அங்கே அணி, தொடை கணம், அட்சரகணிதம் இயற்கணிதம். நாம் ஒட்சிசன் என்று எழுதுவதை அவர்கள் ஆக்சிஜன் என்று எழுதுகிறார்கள்.

ஆர்முடுகல், முடுக்கம் போன்ற சொற்கள் பெரிய பிரச்சினை இல்லை. தெரியாத சொல் என்று பிள்ளை நின்று கேட்கும். வேகம் போன்றவைதான் ஆபத்து. தெரிந்த சொல்தானே என்று பிள்ளை நிற்காமல் போய்விடும், பரீட்சையில் மாற்றி எழுதிவிடும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், 1950களிலும் 60களிலும், அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் வேறு அறிஞர்கள் வேறு சொற்களை எடுத்தார்கள். இரு பக்கமும் பாடுபட்டவர்கள்தான். நம் பிள்ளைக்குத் தேவை இடையில் ஒரு பாலம்.

அந்த மாணவியிடம் ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடச் சொன்னேன்: நமது சொல், தமிழ்நாட்டுச் சொல், ஆங்கிலச் சொல். புதிய சொல் வரும்போதெல்லாம் எழுத வேண்டும். இன்று அந்தக் கொப்பியைக் கீழ் வகுப்புப் பிள்ளைகளும் பார்த்து எழுதுகிறார்கள். மூன்றாவது நிரலால், வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பிவைத்த தடித்த ஆங்கிலப் புத்தகங்களும் தூசு தட்டப்பட்டன. சமன்பாடும் வரைபடமும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். தலைப்புச் சொல் தெரிந்தால் பின்பக்கச் சுட்டியில் தேடிப் பிடித்து, செய்துகாட்டிய கணக்குகளைப் பார்த்துப் படிக்கலாம்.

அடுத்தது இடம். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் இலக்கம் சும்மா இல்லை. 510 கணிதம், 520 வானியல், 530 பௌதீகவியல், 540 இரசாயனவியல், 570 உயிரியல், 580 தாவரம், 590 விலங்கு. விவசாயம் 630இல் இருக்கும். மிளகும் சாதிக்காயும் விளையும் நம் மாத்தளைப் பிள்ளைகள் அந்தத் தட்டையும் பார்க்க வேண்டும். பொது நூலகத்துக்குப் போனாலும் பெரும்பாலும் இதே இலக்கங்கள்தான்.

லைப்ரரி கம்ப்யூட்டரில் தேட வேண்டியவை: தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, வளநூல். இவை தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய பாடநூல்களும் விஞ்ஞான சஞ்சிகைகளும் கிடைக்கும். பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கையை மறக்க வேண்டாம். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் எங்கே புள்ளி இழந்தார்கள் என்று அதில் இருக்கிறது. புள்ளித்திட்டம் இல்லாமல் பாஸ்ட் பேப்பர் மட்டும் செய்வது, விடை சரியா என்று பார்க்காமலே கணக்குச் செய்வது மாதிரி.

அல்ஜிப்ரா என்ற சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பிலுள்ள அல் ஜப்ர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அந்த பக்தாதில் கிரேக்க நூல்களும் இந்தியக் கணிதமும் அரபுக்குப் பெயர்க்கப்பட்டன. பிறகு அரபு நூல்கள் லத்தீனுக்குப் போயின. யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் பாலம் போட்டதால்தான் அறிவு நகர்ந்தது. பெருமை பேசும் நேரத்தில் பாதியையாவது அந்த வேலைக்குக் கொடுப்போம்.

ஊராரிடம் மூன்று வேண்டுகோள்.

உயர்தரம் முடித்த பிள்ளைகள் வளநூல்களையும் புள்ளித்திட்டத்தோடு உள்ள பேப்பர்களையும் பழைய பேப்பர்க் கடைக்குப் போடாமல் லைப்ரரிக்குத் தாருங்கள்.

கம்பஸ் போன பிள்ளைகள் லீவில் வரும்போது வாரத்தில் ஒரு பின்னேரம் லைப்ரரியில் வந்து இருங்கள். வகுப்பு எடுக்க வேண்டாம், தேடிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது பெற்றோருக்கு. பாடசாலை விட்டதும் பஸ் போய்விடும் என்று பெண் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒரே பக்கத்துப் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்தால் வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆட்டோ பேசலாம். ஒரு மாத டியூஷன் காசோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அல்லது ஜும்ஆவுக்குப் பிறகு என்னைச் சந்தியுங்கள். கொப்பியில் உள்ள சொற்பட்டியலை, இன்ஷா அல்லாஹ், டைப் செய்து இங்கேயே போடுகிறேன். விடுபட்ட சொற்களை மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் சேர்த்துத் தாருங்கள்.