உப்பில்லாத அலை

இராசபாளையத்தில் பிறந்து, தாய்வழி உறவால் திருவில்லிபுத்தூரிலும் பாதி நாளைக் கழித்து வளர்ந்த எமக்கு, விடுமுறை என்றால் மலையடிவாரம் என்றே பொருள். ஓரூர்க்கு அய்யனார் அருவி, மற்றோரூர்க்குச் செண்பகத்தோப்பு. மழை பெய்து ஓய்ந்ததும் குடும்பத்தோடு அருவிக்குச் செல்வோம். ஆண்களும் சிறுவர்களும் நீராடுவர். பெண்டிர் பாறை நிழலில் அமர்ந்து தூக்குச்சட்டிகளையும் எங்கள் உடுப்புகளையும் காத்திருப்பர். ஈரத் தலையோடு திரும்பியதும் சோறு பரிமாறுவர். அதனை எவரும் குறையாகக் கருதியதில்லை. அம்மாவும் கருதியதாக முகத்தில் தெரிந்ததில்லை.

1996ஆம் ஆண்டு மே மாதம் அவ்வழக்கம் சற்றே மாறிற்று. எமக்கு அப்போது வயது பதின்மூன்று. பேண்டேஜ் துணி வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதி வந்த அத்தா, ஈராண்டுச் சேமிப்பைக் கொண்டு எங்களைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்தார். தாம்பரத்தையடுத்துக் 'கிஷ்கிந்தா' என்னும் கேளிக்கைப் பூங்கா முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது. அமைத்தவர் நவோதயா அப்பச்சன். 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தைத் தயாரித்தவர். வானரர் நாட்டின் பெயரைப் பூங்காவுக்குச் சூட்டியது மிகப் பொருத்தம் என்பதை, அங்கே சிறுவர் கூட்டம் ஆடிய ஆட்டத்தைக் கண்ட எவரும் ஒப்புவர்.

அந்நாளில் எம் ஊர் வழியே சென்றது மீட்டர் கேஜ் பாதை. மாலையில் கொல்லம் மெயிலில் ஏறினோம். திருவில்லிபுத்தூர் நிலையத்தில் நன்னி புளிச்சோற்று மூட்டையோடும் பால்கோவாப் பொட்டலத்தோடும் ஏறிக்கொண்டார். மறுநாட் காலை தாம்பரத்தில் இறங்கினோம்.

அத்தா ஐவருக்கும் சீட்டு வாங்கினார். யாமும் தங்கையும் இராட்டினத்திலும் சறுக்கிலும் மாறி மாறி ஏறினோம். அவற்றைப் பற்றி எழுத இப்போது பெரிதாக ஒன்றும் நினைவில்லை. நினைவில் நிற்பது ஒரு பலகை. அதில் வெள்ளைத் துப்பட்டி போர்த்த நன்னியும், அப்போதுதான் கறுப்புப் புர்காவுக்கு மாறியிருந்த அம்மாவும் எங்கள் நான்கு செருப்புகளோடு அமர்ந்திருந்தனர். ளுஹர் தொழுகையையும் மர நிழலிலேயே முடித்துக்கொண்டனர். "ரெண்டு சீட்டு வீணாப்போச்சே" என்று அத்தா சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

கேளிக்கைப் பூங்காக்களின் வரலாற்றிலும் ஒரு பலகை உண்டு. வால்ட் டிஸ்னி, லாஸ் ஏஞ்சல்சில் கிரிஃபித் பூங்காவில் தம் மகளிர் இருவரும் குடைராட்டினம் சுற்றுவதைப் பார்த்தவாறு பலகையில் அமர்ந்து கடலை கொறித்தவர். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே தோன்றியதாக அவரே கூறியுள்ளார். 1955இல் டிஸ்னிலாந்து எழுந்தது. ஆனால் பலகை எங்கும் ஒழிந்துவிடவில்லை. எம் வீடுகளில் அதில் யார் அமர்வது என்பது கேளாமலே முடிவாகியிருந்தது.

பிற்பகலில் அலைக்குளம் இயங்கத் தொடங்கிற்று. பொறிகள் நீரை உந்த, ஆழமான கோடியிலிருந்து அலை எழுந்து படிப்படியாகத் தாழ்ந்து கரையில் வந்து படியும். நன்னி வெகுநேரம் அதனையே நோக்கியிருந்தார். பிறகு எவரிடமும் சொல்லாமல் எழுந்து, துப்பட்டியைச் சற்றே உயர்த்திப் பிடித்து, கணுக்கால் நீரில் நின்றார். அவரைத் தடுக்கச் சென்ற அம்மாவின் முழங்கால் வரை அடுத்த அலை நனைத்தது. அம்மா உரக்கச் சிரித்தார். வீட்டுக்கு வெளியே அவர் சிரித்து யாம் கேட்டது அதுவே முதன்முறை. அத்தா அக்கம்பக்கம் பார்த்தார். ஊரார் எவரும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் சென்று செருப்புகளுக்கு அருகே பலகையில் அமர்ந்துகொண்டார்.

மறுநாள் மெரினாவுக்குச் சென்றோம். அம்மா காணும் முதல் கடல் அது. ஆயினும் கால் நனைக்கவில்லை. திருவில்லிபுத்தூர் உறவினர் சிலர் அன்று எங்களோடு வந்திருந்தனர்.

இம்மலரில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் துறைச் சுற்றுலா அறிவிப்பு வந்ததும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் ஐயா" என்று சொல்லிச் செல்லும் மாணவியருள் சிலர் பிறகு அப்பேச்சையே எடுப்பதில்லை. அவர்தம் பெற்றோரைக் கடிந்துரைப்பது எம் நோக்கமன்று. எம் அத்தாவும் அக்கம்பக்கம் பார்த்தவரே. ஆயினும் அன்று அவர் அந்தப் பலகையில் அமர்ந்த காட்சியைப் பெரியோர் முன் வைக்க விரும்பினோம்.

அத்தாவும் நன்னியும் இன்றில்லை. அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. தங்கையின் மகள்கள் கோடை விடுமுறைக்கு வந்தால் அலைக்குளத்துக் கதையை அவரே தொடங்குவார். உதட்டில் தெறித்த நீரை நாவால் தொட்டுப் பார்த்ததையும் சொல்வார்.

"உப்பே இல்லடி."

"அது கடல் இல்ல, நன்னி."

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்பார்.