கழிபொருளும் கலைப்பொருளும்

கலை என்றவுடன் வண்ணக் குழம்பும் தூரிகையும் விலையுயர்ந்த தாளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அவற்றை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கலை எட்டாத கனி என்று எண்ணுவோரும் உளர். நம் பள்ளியில் காட்சிக் கலைக்கல்வி கற்பித்துவரும் நான் கண்டது வேறு. வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய பொருளே என் வகுப்பில் பல நாள்கள் பாடப்பொருளாக அமைகிறது. அவ்வனுபவத்தை மாணவச் செல்வங்களோடும், பெற்றோரோடும், தோட்டத்தில் உழைக்கும் பெரியோரோடும் பகிர்ந்துகொள்ள இவ்வாண்டு மலர் இடமளித்தமைக்கு மகிழ்கிறேன்.

இஃது ஒன்றும் புதிய வழக்கமன்று. நம் பாட்டன் பாட்டியர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் எப்பொருளையும் எளிதில் எறிந்தவர் அல்லர். மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் சுமந்தது. இனிப்புப் பால் டின்னில் கயிறு கோத்துக் கடைத் தேநீர் வாங்கி வந்தனர். கோதுமை மாவுச் சாக்கு, துவைத்து வெளுக்கப்பெற்றுப் பிள்ளைகளின் உடையாயிற்று. கந்தல் துணி பின்னலாகி வாசலில் மிதியடியாய்க் கிடந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நடந்தபோது, துணி கிடைக்காமல் கோணிச் சாக்கையே உடுத்தியோரும் உண்டு. ‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்னும் பழமொழியை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை, வாழ்ந்து காட்டினார்கள்.

ஆயினும், பழைய டப்பாவும் அட்டையும் போத்தலும் கொண்டுவருமாறு நான் முதன்முறை மாணவர்களிடம் கூறியபோது, எல்லா வீடுகளிலும் அதற்கு வரவேற்பு கிட்டவில்லை. ஒரு மாணவியின் பாட்டியார் பள்ளி வாயிலுக்கே வந்துவிட்டார். “டீச்சர், நாங்கள் இல்லாத கொடுமையால் சாக்கைத் தைத்து உடுத்தினோம். எங்கள் பேத்தியாவது புதுப்பொருள் தொட்டுப் படிக்கட்டும் என்றுதானே இங்கே அனுப்புகிறோம்? இங்கேயும் குப்பைதானா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

அக்கேள்வியை நான் எளிதாகக் கொள்ளவில்லை. ஆங்கிலேயர் காலத்து நகரங்களில் தெருக்கூட்டவும் குப்பை அள்ளவும் நம் முன்னோர் பலர் அமர்த்தப்பட்டனர். ஊரைத் தூய்மையாக்கிய அவர்களை ஊர் மதிக்கவில்லை. அத்தொழிலைச் சொல்லியே நம்மை இழித்துப் பேசியோரும் இருந்தனர். ஆகவே, குப்பை என்னும் சொல் நம்மவர் காதில் விழும்போது அதனுடன் பழைய புண்ணும் சேர்ந்தே வலிக்கிறது. இதனை அறியாமல், ‘கழிவிலிருந்து கலை’ என்று மேடையில் முழங்குவது ஆசிரியருக்கு அழகன்று.

பாட்டியாரின் சொல்லை மனத்திற் கொண்டு, என் வகுப்பிற்கு இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டேன். முதலாவது, கழுவி உலர்த்தாத எப்பொருளும் வகுப்பறைக்குள் வரலாகாது. இரண்டாவது, செய்து முடித்த பொருள், வீட்டார் தம் கூடத்தில் வைத்து விருந்தினருக்குக் காட்டத் தகுந்ததாய் இருத்தல் வேண்டும். ‘பழைய பொருள்தானே’ என்னும் சாக்கில் அரைகுறையாகச் செய்வதற்கு இடமில்லை. பொருள் எளியதாயின் உழைப்பு கூடுதலாக வேண்டும் என்பதை மாணவர்கள் விரைவில் உணர்ந்தனர்.

மாணவர்களுக்கு நான் அடிக்கடி கூறும் வரலாறு ஒன்று உண்டு. வட இந்தியாவில் சண்டிகர் என்னும் நகரம் 1950களில் புதிதாக எழுப்பப்பட்டது. அதன் பொருட்டுப் பழைய சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அந்நகரில் சாலைப்பணி மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர் நேக் சந்த். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் தம் சொந்த ஊரை இழந்து வந்தவர் அவர். இடிபாடுகளில் கிடந்த உடைந்த வளையல்களையும், பீங்கான் துண்டுகளையும், மின்கம்பத்துப் பீங்கான்களையும் சைக்கிளில் ஏற்றிச் சென்று, நகரின் ஓரத்துக் காட்டில் சேர்த்துவைத்தார். 1957ஆம் ஆண்டளவில் தொடங்கி, வேலை முடிந்த நேரங்களில் யாருமறியாமல் மனித உருவங்களும் பறவைகளும் விலங்குகளும் செய்தார். அந்நிலத்தில் எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். 1970களில் அதிகாரிகள் அதனைக் கண்டபோது இடித்துத் தள்ளியிருக்கலாம். மக்களோ அவர் பக்கம் நின்றனர். 1976இல் அது பாறைத் தோட்டம் என்னும் பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2015இல் அவர் மறைந்தார். அவர் செய்த உருவங்கள் இன்றும் வரிசை வரிசையாய் நிற்கின்றன. கலைக்கல்லூரி வாயிலை மிதியாத ஒரு சாலைப் பணியாளரின் கைவண்ணம் அது!

இவ்வரலாற்றைக் கேட்டபின் மாணவர்களின் பார்வை மாறுவதை நான் கண்டிருக்கிறேன். பிக்காசோ என்னும் ஓவியர் 1942இல் சைக்கிளின் பழைய இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்து ஒரு காளையின் தலையைச் செய்தார். அப்படத்தைக் காட்டிய மறுநாள், வகுப்பில் ஒருவன் பால்மரத்து மங்கு ஒன்றைக் கவிழ்த்துவைத்து, “டீச்சர், இஃது ஆமையின் முதுகு” என்றான். மற்றொருத்தி ரப்பர் கொட்டையை வண்டின் உடலாகக் கண்டாள். ஒரு பொருளில் மற்றொன்றைக் காணும் இக்கண் திறப்பதே கலைப்பாடத்தின் முதற்படி. தூரிகை பிடிப்பது அதற்கு அடுத்த படியே.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற கைவேலைகள் இரண்டை இங்கே சொல்லுகிறேன். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். அவ்விலைகளைப் பொறுக்கித் தண்ணீரில் சில வாரங்கள் ஊறவைத்தால் சதை அழுகிக் கழன்றுவிடும். பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தால் வலைபோன்ற நரம்பு மட்டும் நிற்கும். அதனை உலர்த்திச் சாயமேற்றினால் அழகிய மலரிதழ் தயார். கடையில் காசு கொடுத்து வாங்கும் பூவும் இதற்கு ஈடாகாது. கம்பிக்குப் பதிலாகச் செம்பனை ஈர்க்கையே காம்பாக வைக்கலாம்.

மற்றொன்று காகிதக் கூழ். பழைய நாளிதழைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து, உரலில் இடித்துப் பிழிந்து, மரவள்ளி மாவுக் கஞ்சியோடு பிசைதல் வேண்டும். அக்கூழை ஒரு மங்கின்மேல் அப்பி, வெயிலில் நான்கைந்து நாள் காயவைத்தால் கிண்ணமாகும், முகமூடியும் ஆகும். மழைக்காலத்தில் இவ்வேலை வேண்டாம். கூழ் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இனி, என் நெஞ்சைவிட்டு நீங்காத ஒரு நிகழ்ச்சி. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் தந்தையார் குப்பை லாரியில் பணிபுரிபவர். சிலர் அதனைச் சொல்லி அவனைக் கேலி செய்ததால், அவன் எவருடனும் அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் பிளாஸ்டிக் போத்தல்களை வகைப்படுத்தும்படி வகுப்பினரிடம் கூறினேன். எல்லாரும் நிறம் பார்த்துப் பிரிக்க, அவன் மட்டும் ஒவ்வொரு போத்தலையும் கவிழ்த்து அடிப்பகுதியைப் பார்த்தான். அங்கே முக்கோணத்திற்குள் உள்ள எண்ணைக் கொண்டு பிரிப்பதாகக் கூறினான். பானப் போத்தல்களில் 1 என்றும், தலைக்குழம்புப் போத்தல்களில் பெரும்பாலும் 2 என்றும் இருக்கும் என்றான். “மூடியைக் கழற்றித் தனியே போட வேண்டும், டீச்சர். மூடி தண்ணீரில் மிதக்கும். பானப் போத்தலின் துண்டு மூழ்கிவிடும். அப்பா சொல்லித் தந்தார்” என்றான்.

உடனே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் செய்தேன். மூடி மிதந்தது, போத்தலிலிருந்து வெட்டிய துண்டு மூழ்கியது. வகுப்பு முழுவதும் கைதட்டியது. அன்றுமுதல் மாணவர்கள் எப்போத்தலைக் கொண்டுவந்தாலும் அவனிடமே முதலில் காட்டினர். அவன் தந்தையாரின் அறிவு எங்கள் வகுப்பின் அறிவாயிற்று. கேலி எப்போது நின்றது என்று எவரும் கவனிக்கவில்லை, அது நின்றுவிட்டது.

அவ்வாண்டுக் கண்காட்சிக்காக, சிவப்பு, பச்சை, மஞ்சள் மூடிகளைக் கொண்டு நம் நாட்டு மலராகிய செம்பருத்தியைப் பெரிய உருவில் அமைத்தோம். சாயம் ஒரு துளியும் பூசவில்லை. மூடியின் நிறமே மலரின் நிறம். கம்பி துருப்பிடிக்கும் என்று கூறி, அம்மாணவனின் தந்தையார் தூண்டில் நரம்பு கொடுத்தனுப்பினார். மூடிகளைப் பசையிட்டு ஒட்டாமல் துளையிட்டுக் கோத்தோம். ஒட்டியதைப் பிரிக்க இயலாது. கோத்ததைப் பிரித்து மீண்டும் மறுபயனீட்டிற்கு அனுப்பலாம். கண்காட்சியன்று அவர் வேலை முடித்து நேரே வந்தார். சீருடையோடு உள்ளே வரத் தயங்கி நடைவழியில் நின்றவரை, மகனே கைப்பிடித்து அழைத்து வந்தான். முதலில் கேள்வி கேட்ட பாட்டியாரும் அன்று வந்திருந்தார். பேத்தி செய்த ரப்பர் இலைப் பூங்கொத்தை நெடுநேரம் பார்த்தார். “இதைச் சாமி மாடத்தில் வைக்கலாமா, டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.

அன்பர்களே, கலைப்பாடம் ஒன்றினால் நாட்டின் கழிவுச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் கூறவரவில்லை. 2018இன் தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை ஏற்பதை நிறுத்தியதும், அது நம் நாட்டிற்குத் திருப்பிவிடப்பட்டது. கோல லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமில் அக்கழிவு மலைபோல் குவிந்ததையும், உரிமமின்றி அதனை எரித்த புகையால் மக்கள் துன்புற்றதையும் நாமறிவோம். அம்மலையை எத்தனை பள்ளிகள் சேர்ந்தாலும் பூவாகவும் பொம்மையாகவும் மாற்ற இயலாது. சட்டமும் தொழிற்சாலையும் வாங்குவோரின் அடக்கமும் செய்ய வேண்டிய பணி அது. கோலாலம்பூர் முதலிய பகுதிகளில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் கழிவைப் பிரித்துவைப்பது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. எனினும், சட்டத்திற்கு அஞ்சிப் பிரிக்கும் கைக்கும், பொருளின் குணமறிந்து பிரிக்கும் கைக்கும் வேறுபாடு உண்டு. பின்னதைப் பள்ளி உருவாக்க முடியும்.

பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள். பிள்ளை பொருள் கேட்டால், புதிதாக ஒன்றை வாங்கிக் காலிசெய்து அனுப்ப வேண்டாம். பயன்படுத்தி முடித்ததையே கொடுங்கள். கூரிய விளிம்புள்ள டின்களும், மின்கலங்களும், மருந்து, பூச்சிக்கொல்லிப் போத்தல்களும் ஒருபோதும் வேண்டாம். சேர்த்துவைக்கும் டப்பாக்களைக் கவிழ்த்தே வையுங்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலை வளர்க்கும் கலை நமக்கு வேண்டாம். பிள்ளை செய்ததை வீட்டிற்குக் கொண்டுவந்தால், ஒரு வாரமேனும் அதனை நால்வர் காணும் இடத்தில் வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவில் விடியற்காலையில் குப்பை லாரி வரும்போது, அதன் பின்னால் ஓடி உழைப்பவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், வணக்கம் சொல்லுங்கள். பொருள்களைப் பற்றி நம்மில் பலர் அறியாததை அவர் அறிவார். அவருடைய பிள்ளை உங்கள் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம். அவனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். பொருளையும் மனிதரையும் மதிக்கும் தலைமுறையாக நீங்கள் வளர வேண்டும் என்பதே என் அவா.