நடந்த வழி

கல்லூரித் தாயின் விழாவிற்காக, நோட்டன் பிரிட்ஜில் பனி விலகாத வைகறையில் யாம் பஸ் ஏறினோம். அட்டன், கண்டி, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா கடந்து ஆனையிறவை அடைந்தபோது இருள் சூழ்ந்திருந்தது. நாரி நொந்தது, கால்கள் மரத்தன.

சலிப்புற்ற அவ்வேளையில் எம் மாணவன் ஒருவனது கட்டுரை நினைவில் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டக் காலத்தில், மன்னார்க் கரையிறங்கிய அவன் முன்னோர் காடும் காய்ச்சலும் கடந்து மாத்தளைவரை நடந்தே வந்தனராம். வழியில் மாண்டோர் பலராம். அதன்கீழ் யாம் எழுதியதோ, ‘எழுத்துப்பிழை மிகுதி’ என்பது மட்டுமே.

தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்டது அவர்கள் நடந்த வழியே. போகும்போது ஆங்கு யாம் உறங்கிவிட்டோம், மீளும்போது விழித்திருந்தோம். பள்ளி திறந்ததும் அக்கொப்பியைக் கேட்டு வாங்கி, எம் குறிப்பை அடித்துவிட்டு, ‘வகுப்பில் உரக்கப் படிக்க’ என்றெழுதினோம். அவன் படித்தான், யாம் நின்றே கேட்டோம்.