மடியே இருக்கை

ஊர்திகளுள் எல்லாம் மூத்தது தாயின் இடுப்பு. சக்கரம் உருளத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே குழந்தைகள் அதில் ஏறி ஊர்விட்டு ஊர் சென்றிருக்கின்றன. இன்று வானத்தில் பறக்கும் விமானத்திலும் அந்தப் பழைய ஏற்பாடே நீடிக்கின்றது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை கட்டாயமில்லை. தாயின் மடியே அதற்கு இருக்கை. தாயின் இடுப்பு வாரோடு இணைக்கப்படும் சிறு வாரே அதற்குக் காப்பு. எத்தனையோ கருவிகள் பொருந்திய அவ்வளவு பெரிய இயந்திரத்திலும், மிகச் சிறிய பயணி நம்பியிருப்பது இரண்டு கைகளைத்தான்.

முதன்முறை விமானம் ஏறும் பெரியவர்களுக்கு மேகத்தைக் கீழே காண்பது ஒரு வியப்பு. கைக்குழந்தையோடு முதன்முறை ஏறும் தாய்க்கோ மேகம் கண்ணில் படுவதில்லை. குழந்தை அழுமோ, அழுதால் நிற்குமோ, நிற்காவிட்டால் சுற்றியிருப்போர் என்ன நினைப்பார்களோ என்பதே அவளது எண்ணமெல்லாம். விமானத்திற்கு அஞ்சுகின்றவர்களைவிட, விமானத்தில் உள்ளவர்களின் கண்களுக்கு அஞ்சுகின்ற தாய்மார்களே மிகுதி.

கிள்ளானில் வாழும் ஓர் இளந்தாயின் பயணம் இதற்கு நல்ல சான்று. அவள் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். மலேசியரை மணந்து இங்கு வந்தவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மவர் வழக்கம். ஆனால், அவளுடைய தாய் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையில் இருந்தார். மகளுக்குப் பத்திய உணவு சமைக்கவும் பேத்திக்கு எண்ணெய் தேய்க்கவும் அவரால் இயலவில்லை. கணவனின் பாட்டியே அப்பணிகளை ஏற்றார். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது, நாகப்பட்டினத்திலிருந்து மீண்டும் செய்தி வந்தது. தாயின் உடல்நிலை மேலும் தளர்ந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றே: பேத்தியை ஒருமுறை மடியில் வைத்துப் பார்க்க வேண்டும். கணவனுக்குத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. தாயும் மகளுமாகத் தனித்துப் புறப்படுவதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று.

முதலில் பத்திரங்கள். ஐந்து மாதக் குழந்தையாயினும் அதற்கென ஒரு கடப்பிதழ் வேண்டும். படத்தில் குழந்தையின் கண்கள் திறந்திருக்க வேண்டும். தாங்கும் கை தெரியக்கூடாது. புகைப்படக்காரர் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தி, சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி ஒரு பிற்பகல் முழுவதும் முயன்றார். அடுத்து விசா. இந்தியக் குடிமகளான தாய்க்குத் தாயகம் செல்ல விசா தேவையில்லை. மலேசியக் குடிமகளான மகளுக்கு அது தேவைப்பட்டது. தன் வயிற்றில் பிறந்த குழந்தை தன் பிறந்த மண்ணுக்கு அயல்நாட்டவளாகச் செல்கின்றது என்பதை அந்தத் தாய் அன்றுதான் உணர்ந்தாள். சட்டத்தின் கணக்கு அது. அதில் குறைகூற ஏதுமில்லை. ஆயினும் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள்.

அவளுடைய கலக்கத்தைக் கண்ட கணவனின் பாட்டி தம் பழங்கதையைச் சொன்னார். அவரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவரே. 1926-இல் கட்டப்பெற்று, எழுபதுகளின் தொடக்கம் வரை தமிழகத்திற்கும் மலாயாவிற்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலில், ஐம்பதுகளின் நடுவில், ஏழு மாத ஆண்குழந்தையோடு கணவரைத் தேடி வந்தவர் அவர். தளத்தில் பாய் விரித்துப் பல நாள் பயணம். உப்புக் காற்று, குமட்டல், அடுத்தவர் வாந்தி. "எனக்கு அங்க யாரைத் தெரியும்? நான் தலை தூக்க முடியாமக் கிடந்தேன். பக்கத்துப் பாயில இருந்தவங்கதான் புள்ளைய மாத்தி மாத்தி வச்சிக்கிட்டாங்க. அழுதா யாரும் மூஞ்சி சுளிக்கல. நீ பயப்படாமப் போ" என்றார் பாட்டி.

பாட்டி கண்ட உலகம் அப்படிப்பட்டது. தோட்டத்திலும் அவ்வாறே. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார், கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். அங்கே வரிசையாகத் தொங்கிய துணித்தொட்டில்களில் ஒரு குழந்தை அழுதால் மற்றவையும் அழும். ஒரே ஆயா எல்லாவற்றையும் ஆட்டுவார். லயத்து வீடுகளின் மெல்லிய பலகைச் சுவர்களுக்கு எந்தக் குழந்தையின் அழுகையையும் மறைக்கத் தெரியாது. அக்காலத்து வறுமையை யாரும் வேண்டி அழைக்கமாட்டார்கள். ஆனால், குழந்தையின் அழுகையைப் பொதுவாக ஏற்றுக்கொண்ட அந்தப் பழக்கம் வறுமையோடு சேர்ந்து கழிந்துபோக வேண்டிய ஒன்றன்று.

பயண நாளில் அந்தத் தாய் வேண்டிய அளவு ஆயத்தமாகவே இருந்தாள். சிப்பாங்கில் பாதுகாப்புச் சோதனையைக் கடக்கையில் கைப்பையில் நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மங்களைக் கொண்ட புட்டிகளுக்கு இடமில்லை. குழந்தையின் பாலுக்கு அதில் விலக்கு உண்டு. கைப்பையில் குழந்தைக்கு மூன்று மாற்றுடைகளும் தனக்கு ஒரு மாற்றுடையும் வைத்திருந்தாள். தனக்கு ஒன்று வேண்டும் என்பது பல தாய்மார் முதற்பயணத்திற்குப் பின்னரே கற்கும் பாடம். சில பெரிய விமானங்களில் முன்சுவரில் பொருத்தும் தொட்டில் உண்டு. சிக்கனக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் அது இராது. திருச்சிராப்பள்ளி வரையிலான ஏறக்குறைய நான்கு மணி நேரமும் மடியே தொட்டில்.

செவிலி ஒருவர் அவளுக்கு முக்கியமான அறிவுரை ஒன்று கூறியிருந்தார். அதன் காரணம் அறியத்தக்கது. விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்ற அளவில் வைக்கப்படுகின்றது. இறங்கும்போது அவ்வழுத்தம் மீண்டும் உயர்கின்றது. நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்துத் தொண்டையையும் இணைக்கும் ஒரு நுண்குழல் உண்டு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டாக்கியன் குழல் எனப்படுகின்றது. விழுங்கும்போது அது திறந்து அழுத்தத்தைச் சமனாக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்குவார்கள், கொட்டாவி விடுவார்கள். குழந்தைக்கு அது தெரியாது. அதன் குழலும் குறுகலானது. ஆகவே விமானம் இறங்கத் தொடங்கும் வேளையில் பாலூட்ட வேண்டும். அதற்குக் குழந்தையின் பசியைக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். சளியோ செவி நோயோ இருப்பின் பயணத்திற்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

பசியை மிச்சம் வைப்பது சொல்வதற்கு எளிது. குழந்தை நடுவானிலேயே பசித்து அழுது, வயிறு நிறையக் குடித்து உறங்கிவிட்டது. இறங்கப் போகின்றோம் என்ற அறிவிப்பு வந்ததும் தாய் அதை எழுப்பிப் பாலூட்ட முயன்றாள். நிறைந்த வயிறு ஏற்க மறுத்தது. அடுத்த சில நிமிடங்களில் அழுகை வெடித்தது. அவள் தோளில் சாய்த்தாள், தட்டினாள், பாடினாள். எதுவும் பயன்படவில்லை. வார் கட்டியிருக்க வேண்டிய வேளையாதலால் எழுந்து நடக்கவும் வழியில்லை. பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டனர். முன்னிருக்கையிலிருந்த ஆடவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றாள் அவள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அழட்டும் தங்கச்சி" என்றார் அவர். மலேசியாவில் ஒப்பந்த வேலை முடிந்து மூன்றாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்புகின்றவர் அவர். புறப்பட்டபோது அவர் மனைவி கருவுற்றிருந்தாள். "எம் புள்ள கைக்குழந்தையா அழுத சத்தத்தை நான் போன்லதான் கேட்டேன். பக்கத்துல கேக்கக் குடுத்து வைக்கல."

அதன்பின் அவ்வரிசையில் பெருமூச்சு எழவில்லை. பக்கத்து இருக்கை முதியவள் பையைத் துழாவி ஓர் எவர்சில்வர் கரண்டியை எடுத்துக் குழந்தையின் முன்னே ஆட்டினாள். அழுகை உடனே நின்றுவிடவில்லை. விம்மலுக்கிடையே குழந்தை எச்சிலை விழுங்கிற்று. அழுது விழுங்கும்போதும் அந்த நுண்குழல் திறக்கக்கூடும். அப்படியாயின், மற்றவர் செவிக்கு இடையூறாகத் தோன்றிய அழுகை, குழந்தை தன் செவிக்குத் தானே செய்துகொண்ட மருத்துவமாகும். சக்கரங்கள் தரையைத் தொட்டபோது குழந்தை அடங்கிக் கரண்டியைப் பற்றியிருந்தது.

நல்ல ஆயத்தம் தாயின் கடமை. ஆனால், எத்தனை ஆயத்தம் செய்தாலும் குழந்தை குழந்தையாகவே இருக்கும் என்பதை ஏற்பது மற்றவர் கடமை. அதற்குப் பெரிய தியாகம் ஒன்றும் வேண்டியதில்லை. பையை மேலே வைத்து உதவலாம். விழுந்த பால்புட்டியை எடுத்துக் கொடுக்கலாம். ஒன்றும் இயலாவிடில் முகம் சுளிக்காமல் இருக்கலாம். அந்தச் சுளிப்பு ஒன்றுக்கு அஞ்சி, போக வேண்டிய இடத்திற்குப் போகாமல் தங்கிவிட்ட தாய்மார் இருக்கின்றனர். அவர்களுக்காகக் காத்திருந்து கண்மூடிய முதியோரும் இருக்கின்றனர்.

அன்று மாலை நாகப்பட்டினத்து வீட்டில், தலையணைகள் அடுக்கி முதியவரை உட்கார வைத்தார்கள். வலக்கை அசையவில்லை. பேத்தியை இடப்பக்கமாக மடியில் கிடத்தினர். அவர் இடக்கையால் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். சொல்ல நினைத்த சொல் வாயில் சரியாக உருவாகவில்லை. குழந்தை புதிய முகத்தைக் கண்டு அழத் தொடங்கியது. அந்த அழுகையை நிறுத்த அவ்வீட்டில் எவரும் விரையவில்லை.