இரவில் மரத்துப்போகும் கை

பகலெல்லாம் உழைத்த கை இரவில் ஓய்ந்திருத்தலே இயல்பு. ஆயினும், வீடு அடங்கியபின் விழித்தெழுந்து வருத்துகின்ற கைகளும் உள. பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மோதிரவிரலின் பாதியும் மரத்து, எறும்பு ஊர்வதுபோற் குறுகுறுக்கும். கையை உதறினாற் சற்றே தணியும். சுண்டுவிரலுக்கு மட்டும் யாதொரு குறையுமிராது.

எமக்கும் இத்துன்பம் சில மாதங்கள் வாய்த்தது. இடியப்பம் பிழிகையிற் பிடி தளர்ந்தது. ஊசியில் நூல் கோப்பது பெருங்காரியமாயிற்று. வயதின் கோளாறு என்றனர் சிலர்; வாதமென்று எண்ணெய் காய்ச்சித் தந்தனர் வேறு சிலர்.

வைத்தியர் கூறிய காரணம் வேறு. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் தொட்டிபோல் வளைந்து அமைந்துள்ளன. அத்தொட்டியைத் தடித்த நார்ப்பட்டியொன்று மூடியிருக்கிறது. இவ்வொடுங்கிய சுரங்கத்தினூடே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் செல்கின்றன. உள்ளே சிறிது வீக்கம் கண்டாலும் நசுங்குவது மெல்லிய நரம்பே. மணிக்கட்டை மடக்கி உறங்கும்போது நெருக்கம் மேலும் மிகும். ஆடவரிலும் பெண்களையே இந்நோய் அதிகம் பற்றுகிறது. கர்ப்பகாலம், நீரிழிவு, தைரொயிட் சுரப்புக் குறைவு ஆகியனவும் இதற்கு இடங்கொடுக்கும்.

இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையொன்றை அணியச் செய்து, எம்மை இயன்மருத்துவரிடம் அனுப்பினார் வைத்தியர். நரம்பு இறுகக் கட்டிய கம்பியன்று. கை நீளவும் மடங்கவும் அதுவும் சில மில்லிமீற்றர் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். தடைப்பட்ட அவ்வோட்டத்தை மீளச் செய்வதே இச்சிகிச்சையின் நோக்கம். பாவாடை மடிப்பினுள் ஓடும் நாடாவை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையை இழுக்கும்போது மறுமுனையைத் தளர விட்டால் நாடா இலகுவாக ஓடும். இரு முனைகளையும் இழுத்தால் இறுகும். அவ்வாறே இயன்மருத்துவர் எமது முழங்கையை நீட்டும்போது மணிக்கட்டைத் தளர்த்தினார். மணிக்கட்டை விரிக்கும்போது முழங்கையை மடக்கினார். வலியோ மரப்போ தோன்றுமுன் நிறுத்தினார். சில வாரங்களில் எமது உறக்கம் மெல்ல மெல்ல நீண்டது.

ஆயினும், இதனைச் சர்வரோக நிவாரணியெனக் கொள்ளலாகாது. 2012 ஆம் ஆண்டில் முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் ஆய்வாளர்கள், சான்று மிகக் குறைவு என்றே முடிவு கூறினர். 2015 இல் வெளியான ஸ்பானிய ஆய்வொன்று 120 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவைச்சிகிச்சையும் மற்றவருக்குக் கழுத்து முதல் மணிக்கட்டு வரையிலான கைச்சிகிச்சையும் அளித்தது. ஓராண்டின் பின் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு நலம் பெற்றிருந்தனர். நம்பிக்கை தரும் செய்தியே. ஆனால் எல்லோர்க்கும் பொருந்துமென்பதற்கில்லை.

பகலிலும் மரப்பு நீங்காதிருப்பின், அன்றிப் பெருவிரலின் அடித்தசை வற்றத் தொடங்கின், காலந்தாழ்த்தாது அறுவை வைத்தியரை நாடுதல் வேண்டும். நார்ப்பட்டியை வெட்டி நெருக்கத்தைத் தீர்ப்பது அவர் பணி. வற்றிய தசை முற்றாக மீளாமலும் போகலாம். வலிந்து இழுத்து நெட்டி முறிப்பவரிடம் கையைக் கொடுத்தலும் ஆகாது.

குடும்பத்தின் பசியாற்றும் கையின் வேதனையைப் பொறுத்துக்கொள்வது நம் பெண்களின் வழக்கமாயிற்று. பொறுமை நற்குணமே; நசுங்கும் நரம்புக்கு அது மருந்தாகாது.